வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்லும் மாற்றுத்திறன் நீர்ச்சறுக்கு அணிக்கு எவ்வகையில் துணை நிற்பது?

யாராக்கரையான்:

மெல்பர்னில் என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறன் நீர்ச்சறுக்கு அணிக்குத் தேர்வாகியிருக்கிறார். விசைப்படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பலகையில் நீரின் மேல் சறுக்கும் விளையாட்டு இது. விபத்தொன்றில் தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் அவருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. அமர்ந்து சறுக்கும் பிரிவில் போட்டியிடுகிறார். அணி இம்முறை ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும். தேசிய அணி என்றதும் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்றுதான் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் விமானக் கட்டணம், தங்குமிடம், பதிவுக் கட்டணம் ஆகியவற்றின் பெரும்பகுதியை அவரே திரட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் பொங்கல் விருந்தில் சேர்ந்த தொகையின் ஒரு பகுதியை இந்த அணிக்கு அளிக்கத் தீர்மானித்திருக்கிறது. எப்படி அளிப்பது என்பதில்தான் செயற்குழு இரண்டுபட்டு நிற்கிறது. சங்கத்தின் சின்னம் பொறித்த சட்டைகளும் பைகளும் தைத்துக் கொடுத்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்கிறது ஒரு தரப்பு. நண்பருடைய பெயருக்கே காசோலை எழுதிவிடலாம் என்கிறது மற்றத் தரப்பு. பணத்தைத் தவிர வேறு எவ்வகையில் உதவலாம் என்றும் சிலர் கேட்கிறார்கள். இந்த விளையாட்டோடு பழகியவர்கள் யாரேனும் இருந்தால் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இழுவைப்படகு:

மாற்றுத்திறனாளிகளுக்கான நீர்ச்சறுக்கு முகாம்களில் தன்னார்வப் படகோட்டியாக இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், பணம் ஏன் இல்லை என்பது. நீர்ச்சறுக்கு பாராலிம்பிக் விளையாட்டு அன்று. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், பதக்கக் கணக்கில் சேராத காட்சி விளையாட்டாக இடம்பெற்றதோடு சரி. பல நாடுகளில் அரசின் உயர்நிலை விளையாட்டு நிதி, ஒலிம்பிக் மற்றும் பாராலிம்பிக் பட்டியலைப் பின்பற்றியே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. துடுப்புப் படகு 2008இலும் கனோ 2016இலும் பாராலிம்பிக்கில் சேர்ந்தன. அவற்றுக்குத் திறந்த வாசல் இதற்குத் திறக்கவில்லை. ஆனால் உலகப் போட்டி உண்டு. 1993இல் பிரான்சில் தொடங்கி, ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்திருக்கிறது: 2015இல் கலிபோர்னியாவின் எல்க் குரோவ், 2017இல் நியூ சவுத் வேல்ஸின் மையூனா பே, 2019இல் நோர்வேயின் ஸ்கார்னெஸ். அமெரிக்க அணியும் நிதி திரட்டித்தான் கடல் கடக்கிறது என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

இரண்டாவது, விளையாட்டின் தன்மை. போட்டி மூன்று வகைப்படும். ஸ்லாலம் என்பது 259 மீட்டர் நீளத் தடத்தில், படகின் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி மிதக்கும் ஆறு மிதவைகளை மாறிமாறிச் சுற்றி வருவது. படகின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். உச்ச வேகத்தை அடைந்த பின் கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டரில் தொடங்கும் கயிறு 16, 14.25, 13, 12 எனச் சுருங்கும். வித்தைப் பிரிவில் இருபது இருபது விநாடிகளாக இரண்டு ஓட்டங்களில் சுழல்வது போன்ற வித்தைகளைச் செய்து காட்டுவது. மூன்றாவது, சாய்தளத்தில் ஏறிக் குதிப்பது. அமர்ந்து சறுக்குபவர், ஒரு கால் அல்லது ஒரு கை இல்லாதவர், பார்வையற்றவர் என ஒவ்வொருவருக்கும் தனிப் பிரிவுகள் உண்டு.

இதில் சறுக்குபவர் ஒருவரே கண்ணுக்குத் தெரிவார். அவரை நாற்காலியிலிருந்து சிட் ஸ்கீக்கு, அதாவது இருக்கைச் சட்டகம் பொருத்திய சறுக்குப் பலகைக்கு, மாற்ற இருவர் வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பலகையின் முனையை நேராகப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். படகில் ஓட்டுநரைத் தவிரப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்காணிப்பாளர் வேண்டும். விழுந்தவரிடம் விரைந்து செல்ல மீட்புப் படகு வேண்டும். ஓட்டுநரையும் படகையும் போட்டியை நடத்துபவர்கள் தருவார்கள். கரையில் தூக்கி இறக்குபவர்களை அணிதான் அழைத்துச் செல்ல வேண்டும். பெரும்பாலான அணிகளுக்குப் பணம் தட்டுப்படும்போது முதலில் வெட்டப்படுவது இந்த உதவியாளர்களின் விமானச் சீட்டுதான்.

ஆகவே உங்கள் செயற்குழுவின் இரண்டு யோசனைகளிலும் எனக்கு உடன்பாடில்லை. ஓர் உதவியாளரின் பயணத்தைச் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும்.

வெண்ணாற்றங்கரை:

ஒரு மாற்றுக் கருத்தைப் பணிவுடன் வைக்கிறேன். தஞ்சை மாவட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து வங்கிக்குப் போவதற்கே சாய்தளம் இல்லாமல் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிச் செல்ல வேண்டிய நிலை இன்றும் இருக்கிறது. தரமான நாற்காலி கிடைக்காமல் பலர் தரையில் நகர்ந்து வாழ்கிறார்கள். இந்த நிலையில், எரிபொருளை அள்ளி விழுங்கும் படகின் பின்னால் சறுக்கும் ஒரு செல்வந்தர் விளையாட்டுக்கு, அதுவும் ஒரு பணக்கார நாட்டின் அணிக்கு, தமிழ்ச் சங்கப் பணம் போக வேண்டுமா? நண்பரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. முன்னுரிமை எது என்பதையே கேட்கிறேன்.

சக்கரத்தான்:

வெண்ணாற்றங்கரை ஐயா, நானும் சக்கர நாற்காலியில் இருப்பவன்தான். உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தராசில் வைத்தால் பொங்கல் விருந்தே நடத்தக் கூடாது, இசைக் கச்சேரிக்கு நுழைவுச் சீட்டு வாங்கக் கூடாது. மாற்றுத்திறனாளியின் செலவு மட்டும் எப்போதும் "அவசியமா" என்ற வாசலில் நிறுத்தி விசாரிக்கப்படுகிறது. மெல்பர்ன்காரர்கள் மெல்பர்னில் தம்முடன் வேலை செய்பவருக்கு உதவ நினைக்கிறார்கள். அதே சங்கம் தஞ்சைக்கும் நாற்காலி அனுப்பலாம்; ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

இப்போது இழுவைப்படகு சொன்னதோடு பயணத்தைப் பற்றிச் சேர்க்க வேண்டும், ஏனெனில் அணி தோற்பது பெரும்பாலும் தண்ணீரில் அன்று, விமான நிலையத்தில்தான்.

மெல்பர்னிலிருந்து ஐரோப்பா செல்ல ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஆகும். நம் நாற்காலியை விமானத்தின் வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு, இருக்கை வரிசைகளுக்கு நடுவே புகும் ஒடுங்கிய நாற்காலியில் ஏற்றி, இருக்கையில் தூக்கி வைப்பார்கள். அதன் பிறகு இறங்கும் வரை நம் கால்கள் நம்மிடம் இல்லை. கழிவறைக்குப் போவதே சிரமம் என்பதால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள்; அதன் விளைவு சிறுநீர்த் தொற்றாகப் போட்டியின் முதல் நாளில் வந்து நிற்கும். பக்கத்து இருக்கையில் பழகிய உதவியாளர் இருந்தால் இந்தக் கதையே வேறு.

அடுத்தது உபகரணம். நாற்காலியை விமான நிறுவனங்கள் கட்டணமின்றி ஏற்றுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 ஒழுங்குவிதி, அது செல்லுபடியாகும் விமானங்களில், ஒருவருக்கு இரண்டு நடமாட்டக் கருவிகள் வரை இலவசம் என்கிறது. 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும். சிட் ஸ்கீ அந்தக் கணக்கில் வருமா என்பதில்தான் வழக்கு. கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது விளையாட்டுச் சாமான், நமக்கு அது உடம்பின் அளவெடுத்துச் செய்த இருக்கை. நீளமான பெட்டி என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். சில நேரம் இந்த விமானத்தில் ஏறாது, அடுத்ததில் வரும் என்பார்கள். அடுத்தது மறுநாள் வரலாம்.

உடைந்தால்? பன்னாட்டு விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி பயணச் சாமானுக்கான இழப்பீட்டு வரம்பு 2024 டிசம்பர் முதல் ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). நல்ல மின் நாற்காலி ஒன்றின் விலைக்கு அது அருகில்கூட வராது. சாமானை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைச் சிறப்பு அறிவிப்பாக எழுதிக் கொடுத்து, அதற்குரிய கூடுதல் கட்டணம் கேட்டால் செலுத்தினால் வரம்பு உயரும் என்பதைப் பலர் அறிவதில்லை. சங்கத்தால் உதவியாளரின் சீட்டு வாங்க முடியாவிட்டால், உபகரணக் காப்பீட்டையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். சட்டையில் சின்னம் பொறிப்பதைவிட, சிட் ஸ்கீ வைக்கும் கெட்டிப் பெட்டியின் மேல் பொறியுங்கள். எல்லா விமான நிலையத்திலும் எல்லாரும் பார்ப்பார்கள்!

மின் நாற்காலி கொண்டு செல்பவர்கள் இருந்தால் மின்கலத்தின் வாட் மணி அளவு எழுதிய தாளை அச்சிட்டு வைத்திருக்க வேண்டும். கழற்றக்கூடிய லித்தியம் மின்கலம் என்றால் 300 வாட் மணிதான் எல்லை.

தேன்மொழி:

நான் தண்டுவடப் பாதிப்புக்குள்ளானவர்களுடன் பணியாற்றும் செயல்வழிச் சிகிச்சையாளர். சக்கரத்தான் அண்ணா சொன்ன "பழகிய உதவியாளர்" என்பதை மருத்துவக் கோணத்தில் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சங்கத்திலிருந்து ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரை அனுப்பிவிட்டால் போதும் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

உணர்ச்சியற்ற தோல் தன் வலியைச் சொல்லாது. விமானத்தில் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும், அல்லது ஒரு பக்கமாகச் சாய வேண்டும். தூங்கிவிட்டால் யாராவது எழுப்ப வேண்டும். சிட் ஸ்கீயின் அலுமினியச் சட்டகம் இடுப்பை நெருக்கிப் பிடிப்பதற்காகவே செய்யப்பட்டது, ஏனெனில் இடுப்பு அசைந்தால் பலகை திரும்பாது. அந்த நெருக்கமே தோலுக்குப் பகை. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் இடுப்பெலும்பு, வால் எலும்பு, கணுக்கால், குதிகால் ஆகிய இடங்களைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அழுத்தம் நீங்கிய அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால் அன்றைக்குப் பலகையில் ஏறக் கூடாது. இதைச் சொல்லும் துணிவு உதவியாளருக்கு வேண்டும். பதக்கம் கண்ணெதிரே இருக்கும்போது வீரர் அதைக் கேட்க விரும்பமாட்டார்.

குளிர்ந்த நீரில் உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் போன்ற நனைவுடையை அணிவிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இயங்காத காலில் இறுக்கமான நியோப்ரீனை ஏற்றுவது எளிதன்று. பாதத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டினால் துணி வழுக்கிக்கொண்டு ஏறும். பிறகு பையை உருவிவிட வேண்டும். கால்விரல் ஒன்று உள்ளே மடங்கியிருந்தால் வீரருக்குத் தெரியாது. ஒவ்வொரு விரலையும் வெளியிலிருந்து தடவிப் பார்த்து நேராக இருப்பதை உறுதிசெய்த பிறகே அடுத்த கால். தெரிந்தவர் செய்தால் சில நிமிடம். தெரியாதவர் செய்தால் தோல் உரியும்.

மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலேயோ பாதிப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிறைந்திருப்பது, சிறுநீரை வடிக்கப் பொருத்திய குழாய் மடிந்திருப்பது, உடை இறுகியிருப்பது போன்ற சிறு காரணத்தாலேயே இரத்த அழுத்தம் திடீரென்று அபாய அளவுக்கு ஏறிவிடும். கடும் தலைவலி, முகம் சிவத்தல், பாதிப்புக்கு மேற்பட்ட பகுதியில் வியர்வை ஆகியவை அடையாளங்கள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்த்து, காரணத்தைக் கண்டு நீக்க வேண்டும், தணியாவிட்டால் ஆம்புலன்ஸ். படுக்க வைப்பது நிலைமையை மோசமாக்கும், ஆனால் விவரம் அறியாத எவரும் முதலில் செய்வது அதைத்தான். மேலும் இவர்களில் பலருக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்ப்பதும் நடுங்குவதும் இல்லை. குளிர்ந்த நீரிலிருந்து வந்தவர் நடுங்காமல் இருப்பதைப் பார்த்து, குளிரவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கடைசியாக, அன்போடு மருந்து கொடுக்காதீர்கள். சளி, மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் உண்டு. போட்டிக் காலத்தில் சிறுநீரில் அதன் அளவு வரம்பைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம். வீரர்கள் வழக்கமாக எடுக்கும் சில மருந்துகளுக்கே முன்கூட்டி விலக்கு அனுமதி பெற வேண்டியிருக்கும்.

யாராக்கரையான்:

மிகுந்த நன்றி. செயற்குழுவுக்கு இவற்றை அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். ஒரு சந்தேகம். எங்கள் உறுப்பினர்கள் சிலர் தங்கள் சொந்தச் செலவில் போட்டியைப் பார்க்கச் சென்று, கரையில் நின்று உற்சாகப்படுத்தலாம் என்கிறார்கள். அது அணிக்குப் பலமா, பாரமா? மேலும், நண்பரின் அணியில் பார்வையற்ற வீரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மிதவைகளை எப்படி அறிகிறார்கள் என்பதையும் யாரேனும் விளக்கினால் நல்லது.

இழுவைப்படகு:

பார்வையற்றோர் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அவர்களுக்கு மிதவையே தேவையில்லை. ஒலி ஸ்லாலம் என்ற முறையில், கயிறு படகோடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கருவி அளக்கிறது. சறுக்குபவர் வேண்டிய அளவு வெளியே சென்றதும் ஒலி எழும். அதைக் கேட்டு அவர் திரும்புவார். குதிப்பில் சாய்தளம் நெருங்குவதைப் படகிலிருப்பவர் குறிப்பொலியால் தெரிவிப்பார். அந்தக் குரலின் மேல் வைத்த நம்பிக்கையில்தான் அவர் முழு வேகத்தில் ஒரு திடப்பொருளை நோக்கிச் செல்கிறார்.

அந்த நம்பிக்கை பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு வட அயர்லாந்தின் ஜேனட் கிரே சாட்சி. பார்வையற்றோர் பிரிவில் உலகப் பட்டங்களை வென்ற அவர், 2004இல் புளோரிடாவில் பயிற்சியின்போது குதிப்புத் தளத்தில் மோதி, உயிர் பிழைப்பாரா என்ற நிலைக்குப் போனார். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் 2007 உலகப் போட்டியில் மீண்டும் களமிறங்கினார். அவருடைய மன உறுதியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. படகோட்டியாகிய நான் அந்த நிகழ்ச்சியை வேறு விதமாகத்தான் படிக்கிறேன். வெளிநாட்டில் படகும் ஓட்டுநரும் புதியவர்கள். வேகத்தை ஜி.பி.எஸ். கட்டுப்படுத்தினாலும் படகின் திசை மனிதக் கையில்தான் இருக்கிறது. குறிப்பொலி மனித வாயிலிருந்துதான் வருகிறது. ஆகவே அணி போட்டிக்குச் சில நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, அந்த ஏரியில் பயிற்சி ஓட்டம் எடுக்க வேண்டும். அந்த முன்கூட்டிய நாட்களுக்கான அறை வாடகையும் பயிற்சிப் படகுக் கட்டணமும் யாருடைய நன்கொடைப் பட்டியலிலும் இருப்பதில்லை, ஏனெனில் அதில் படம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஒஸ்லோ வடலி:

பார்க்க வருவது பலமா, பாரமா என்ற கேள்விக்கு இங்கிருந்து ஒரு பதில். 2019 போட்டி நடந்த ஸ்கார்னெஸ் ஒஸ்லோவுக்கு வடகிழக்கே, ரயிலில் போய்விடக்கூடிய சிறிய ஊர்; குளொம்மா ஆறு ஓடும் பகுதி. உலகப் போட்டி பெரும்பாலும் இப்படிப்பட்ட ஊர்களில்தான் நடக்கிறது. அமைதியான நீர்தான் முதற்தேவை, பெருநகரம் அன்று. சிற்றூர் என்றால் சக்கர நாற்காலி நுழையும் குளியலறை கொண்ட அறைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே இருக்கும். நான்கைந்து நாடுகளின் அணிகள் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால் அவை அணிகளுக்கே போதா. பார்வையாளர் முன்பதிவு செய்துவிட்டால் வீரர் தொலைவில் தங்க நேரிடும். ஆகவே வருகிறவர்கள் அணி மேலாளரிடம் கேட்காமல் அறை எடுக்க வேண்டாம். சாதாரண அறையையே எடுக்க வேண்டும்.

இங்கே இருக்கும் எங்களைப் போன்றவர்களைக் கேளுங்கள். ஐரோப்பாவின் பல நகரங்களில் தமிழர் இருக்கிறோம். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் பறந்து வந்து செய்வதைவிட, உள்ளூரில் வாகனம் வைத்திருப்பவர் ஒருவர் அதிகம் செய்வார். விமான நிலையத்துக்கு, நாற்காலியைத் தூக்கி ஏற்றும் கருவி பொருத்திய வாகனம் வாடகைக்கு ஒழுங்குபடுத்துவது, நாற்காலிச் சில்லின் காற்றுக்குழாய் வெடித்தால் அதே அளவில் புதிதாக வாங்கி வருவது, குளியல் நாற்காலி ஒன்றை இரவல் எடுத்துக் கொடுப்பது, மின்னேற்றியின் செருகி பொருந்தாவிட்டால் மாற்றி தேடுவது, மருந்தகத்தில் மொழி தெரிந்து பேசுவது எல்லாம் உள்ளூர்க்காரருக்கு அரை நாள் வேலை, அணி மேலாளருக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும். சோறு, பருப்பு சமைத்துக் கொண்டுபோகலாமா என்று இங்கே நிச்சயம் கேட்பார்கள். போட்டி முடிந்த இரவு கொண்டுபோங்கள். போட்டிக்கு முன் புது உணவு கொடுத்து வயிற்றைக் குழப்ப வேண்டாம். தேன்மொழி எழுதியதைப் படித்தால் காரணம் விளங்கும்.

வடக்கு நாடுகளில் ஜூலை மாதத்திலும் நீர் குளிர்ந்திருக்கும், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சன்னலை மறைக்கும் கறுப்புத் துணி சிறிய விஷயம். தூக்கம் கெட்ட வீரருக்கு அது பெரிய விஷயம்.

கணக்கர்:

சங்கங்களின் கணக்கை எழுதி வருபவன் என்ற முறையில், பணம் போகும் வழியைப் பற்றி மட்டும்.

நண்பரின் பெயருக்குக் காசோலை எழுதுவதை நானும் விரும்பவில்லை, ஆனால் என் காரணம் வேறு. ஓர் அணியில் நன்றாகப் பேசுபவருக்கு, படத்தில் நன்றாக விழுபவருக்கு, விபத்துக் கதை நெஞ்சைத் தொடும்படி இருப்பவருக்குப் பணம் சேரும். பிறவியிலேயே குறைபாடுள்ள, கூச்சமுள்ள இன்னொருவர் அதே அணியில் கடன் வாங்கிச் செல்வார். பணம் அணியின் பொதுக் கணக்குக்குப் போனால் மேலாளர் தேவையறிந்து பிரிப்பார். ஆஸ்திரேலியாவில் 'ஆஸ்திரேலியன் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன்' வழியாக அளித்தால், 2 டாலரும் அதற்கு மேலும் உள்ள நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும்; அணியோ அதன் சங்கமோ அங்கே பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிவில்லையென்றால் நேரடியாகக் கொடுக்கலாம், வரிக் கழிவு மட்டும் இராது.

"உதவியாளர் பயணத்துக்கு மட்டும்" என்று நிபந்தனை போடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. உதவியாளரின் சீட்டை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் உங்கள் பணம் முடங்கும். விருப்பத்தை எழுதுங்கள், கட்டளையாக எழுதாதீர்கள். மேலும் ஒன்று: பணத்தைச் சீக்கிரம் கொடுங்கள். விழா மேடையில் பெரிய அட்டைக் காசோலை கொடுப்பதற்காக இரண்டு மாதம் காத்திருந்தால், அதற்குள் விமானச் சீட்டின் விலை ஏறியிருக்கும்.

வெண்ணாற்றங்கரை:

எல்லாவற்றையும் படித்தேன். சக்கரத்தானின் பதில் என்னைச் சற்றே உறுத்தியது, உறுத்த வேண்டியதுதான். ஆனாலும் என் கருத்தை முழுதாக விட்டுக்கொடுக்க மனமில்லை. அணி ஊர் திரும்பிய பிறகு என்ன? போட்டிக்கு ஒருமுறை பணம் கொடுத்துவிட்டு, அந்த நண்பர் பழகும் ஏரிக்கரையில் சாய்தளமோ தூக்கும் கருவியோ இல்லாமல் விட்டுவிட்டால், நீங்கள் அனுப்பியது ஓர் அணியை. வளர்த்தது எதையும் இல்லை.

இழுவைப்படகு:

ஐயா சொன்னதில் முழு உண்மை இருக்கிறது. 2017 போட்டி நடந்த மையூனா பே இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே ஏரிக்கரையில் விளையாட்டு, பொழுதுபோக்கு மையம் ஒன்று இருந்தது. 2019 மார்ச்சில், அருகிலுள்ள எராரிங் மின்நிலையத்தின் சாம்பல் அணை நிலநடுக்கத்தில் உடையக்கூடும் என்ற அச்சத்தால் அந்த மையத்தைத் திடீரென்று மூடிவிட்டார்கள். உலகப் போட்டி நடந்த இடம் இரண்டே ஆண்டுகளில் இல்லாமற்போனது. தாழ்வான மிதவை மேடை, வழுக்காத பாய் விரித்த கரை, நாற்காலியோடு நுழையும் கழிவறை மூன்றும் ஒரே ஏரியில் அமைவது அரிது. அப்படி ஓரிடம் இருந்தால் முதல் முறை வருபவரையும் பலகையில் ஏற்றலாம். இருபுறமும் ஒவ்வொருவர் சறுக்கிக்கொண்டு துணைக்கு வருவார்கள். அவர் விழுந்தால் அவர்களும் கயிற்றை விட்டுவிட்டு அவரிடம் இருப்பார்கள். நாளைய தேசிய அணி அங்கிருந்துதான் வர வேண்டும்.

ஆனால் இதைக் காரணம் காட்டி, தேர்வாகி நிற்பவரை வீட்டில் இருக்கச் சொல்ல முடியாது. அவர் போய் வந்தால்தான் உள்ளூர் மன்றத்துக்குப் புதிதாக நாலு பேர் வருகிறார்கள்.

சக்கரத்தான்:

ஒரு சிறு வேண்டுகோள், யாராக்கரையான். அணியை வழியனுப்பும் கூட்டம் நடத்தினால் மேடைக்கு ஏற வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழையுங்கள். பாராட்டுரையில் "குறையை வென்றவர்" என்று பேசுவதை விட்டுவிட்டு, அவர் எந்தக் கயிற்று நீளத்தில் எத்தனை மிதவை எடுக்கிறார் என்று சொல்லுங்கள். கேட்பவர்களுக்கு முதலில் புரியாது. நீங்களே விளக்குங்கள், இப்போதுதான் உங்களுக்குத் தெரியுமே.

யாராக்கரையான்:

செயற்குழு நேற்றுக் கூடியது. சட்டை யோசனை கைவிடப்பட்டது. அதை முன்மொழிந்தவரே சிட் ஸ்கீக்கான கெட்டிப் பெட்டியைச் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டார், அவருக்குத் தச்சு வேலை தெரியும். தொகை அணியின் பொதுக் கணக்குக்குப் போகிறது. உதவியாளர் பயணத்துக்கோ முன்கூட்டித் தங்கும் நாட்களுக்கோ பயன்பட்டால் மகிழ்வோம் என்று கடிதத்தில் குறித்திருக்கிறோம். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டை உள்ளூர் ஏரிக்கரையின் மிதவை மேடைக்கு வைக்கலாமா என்பதில் இன்னும் முடிவில்லை. நான்கு பேர் ஆதரவு, மூன்று பேர் தஞ்சைக்கு நாற்காலி அனுப்ப வேண்டும் என்கிறார்கள். வெண்ணாற்றங்கரை ஐயா, அந்த மூவரிடம் உங்கள் முதல் பதிவைக் காட்டியது நான்தான்.

பெட்டியின் அளவைப் பற்றி இழுவைப்படகிடம் ஒரு கேள்வி: பலகையையும் சட்டகத்தையும் கழற்றித் தனித்தனியாக வைப்பது நல்லதா, பூட்டியபடியே வைப்பதா?

இழுவைப்படகு:

கழற்றியே வையுங்கள். பெட்டி தட்டையாகும், கட்டணமும் குறையலாம். கழற்றுவதற்கு முன் சட்டகம் பலகையின் எந்தத் துளைகளில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைப் படம் எடுத்து, நிறம் அழியாத பேனாவால் பலகையிலும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டகம் ஒரு துளை முன்னோ பின்னோ போனாலும் பலகை நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். திருகுகளையும் அவற்றுக்கான சாவியையும் ஒரு பையில் இட்டு அதே பெட்டிக்குள் கட்டிவிடுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் சாவியைப் பிடுங்கிவிட வாய்ப்புண்டு. பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான அடித்துடுப்பைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றச் சொல்லுங்கள், அது வளைந்தால் வேறொன்று அங்கே கிடைக்காது.